உக்ரைன் ஆயுதக் குறைப்பு: வீட்டோ யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உக்ரைன் படையைக் குறைத்துக்கொண்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்போர், அந்நாடு ஏற்கெனவே ஒருமுறை ஆயுதம் துறந்ததை மறந்துவிடுகிறார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் சுமார் 1,900 நெடுந்தூர அணு ஆயுத முனைகள் இருந்தன. அவற்றை ஏவும் அதிகாரம் மாஸ்கோவிடமே இருந்தது என்பது உண்மை. ஆனாலும் பேரம் பேச அதைவிடப் பெரிய பிடி உக்ரைனிடம் வேறு இல்லை. 1996 ஜூனுக்குள் அத்தனையும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

பதிலுக்குக் கிடைத்தது, 1994 டிசம்பர் 5 அன்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் கையெழுத்திட்ட புடாபெஸ்ட் குறிப்பாணை. எல்லைகளை மதிப்போம் என்றார்கள். மீறினால்? அணு ஆயுதத்தால் தாக்கினால் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலை நாடுவோம்; பிற சிக்கல் எழுந்தால் கலந்து பேசுவோம். அவ்வளவுதான். படை அனுப்பிக் காக்கும் கடமையைக் குறிக்கும் 'உத்தரவாதம்' என்ற சொல்லை அமெரிக்கத் தரப்பு வேண்டுமென்றே தவிர்த்து, 'உறுதிமொழி' என்று எழுதவைத்தது. 2014-இல் உக்ரைனின் கிரிமியாவுக்குள் ரஷ்யப் படை நுழைந்ததும் உக்ரைன் அந்தக் கலந்துரையாடலைக் கோரியது. மார்ச் 5 அன்று பாரிஸில் கூட்டம். ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் அதே ஊரில் இருந்தும் அதில் உட்கார மறுத்தார். பாதுகாப்பு கவுன்சிலிலோ ரஷ்யாவுக்கு வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம்.

1999-இல் எரிவாயுக் கடனுக்கு ஈடாக 11 குண்டுவீச்சு விமானங்களையும் 575 க்ரூஸ் ஏவுகணைகளையும் ரஷ்யாவிடம் உக்ரைன் கொடுத்தது. இன்று அதே ரக விமானங்கள்தான் அதன் நகரங்கள்மீது ஏவுகணை வீசுகின்றன. நெஞ்சு கொதிக்கிறது.

2022-இல் ரஷ்யாவும் உக்ரைனும் நடத்திய இஸ்தான்புல் அமைதிப் பேச்சின் வரைவில், உக்ரைன் படைக்கு ரஷ்யா கேட்ட வரம்பு 85,000 வீரர், 342 டாங்கி. ஏவுகணைகளின் எட்டுதூரம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது. உக்ரைன் ஒப்பியது 2,50,000 வீரர், 800 டாங்கி. எண்களைப் பேசித் தீர்த்திருக்கலாம். பெரிய சிக்கல் வேறு: உக்ரைன் தாக்கப்பட்டால், அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாத நாடுகள் அனைத்தும் சம்மதித்த பிறகே உதவி வரவேண்டும் என்றது மாஸ்கோ. அந்நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று! தாக்கியவனின் அனுமதி வாங்கித்தான் காப்பாற்ற வர வேண்டுமாம்.

2025 நவம்பரில் வெளியான, அமெரிக்கா முன்வைத்த 28 அம்ச அமைதித் திட்டமும் உக்ரைனுக்கு 6 லட்சம் வீரர் என்று வரம்பு கட்டியது. ரஷ்யப் படைக்கு வரம்பே இல்லை. நேட்டோ, சோவியத் அணி என இரு தரப்புக்கும் உச்சவரம்பு வைத்து, ஆய்வாளர்கள் நேரில் சென்று டாங்கிகளை எண்ண வழிசெய்த ஐரோப்பிய மரபுப்படைகள் (அணு ஆயுதம் அல்லாத படைகள்) ஒப்பந்தம் முன்பு இருந்தது. அதை 2007-இல் நிறுத்திவைத்து, 2023-இல் முழுதாக வெளியேறியதும் ரஷ்யாதான். அந்த ஆய்வுமுறையை ரஷ்யா, உக்ரைன் இரு பக்கமும் திரும்ப ஏற்காதவரை, உக்ரைனை மட்டும் ஆயுதத்தைக் கீழே வை என்பது நியாயமாகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்