பச்சை உடம்புக்காரிக்குப் பருப்பு ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வளைகாப்புப் படங்களை இரண்டு பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். வளையல், சந்தனம், ஐந்து வகைச் சாதம் என்று பார்க்கவே நிறைவாக இருந்தது. இந்தப் பெண்கள் பிள்ளை பெற்று வீடு திரும்பியதும் இதே வீட்டார் அவர்கள் தட்டில் என்ன போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் இங்கே பர்மாவில் என் பேத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவளுடைய அம்மா, அதாவது என் மகள், பத்தியத்தில் ரொம்பக் கறார். வெள்ளைச் சோறு, மிளகு பூண்டுக் குழம்பு, ஒரு துண்டு சுட்ட கருவாடு, அவ்வளவுதான். பருப்பு வாயு. முட்டை ஆகாது. கீரை தின்றால் பிள்ளைக்கு வயிற்றால் போகும். பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்ணும் அப்போதுதான் பெற்றிருந்தாள். அவளும் 45 நாள் ‘மீட்வின்’ (அவர்களுடைய பிரசவப் பத்தியம்) என்று உடம்பெல்லாம் மஞ்சளைப் பூசிக்கொண்டு அதே சோறும் கருவாடுமாக உட்கார்ந்திருந்தாள். கோயிலில் வேறு வேறு சாமி கும்பிட்டாலும் பத்தியத்தில் நாங்கள் ஒரே குடும்பம்.

ஒருநாள் நூல்கண்டு தேடி பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உள்ளே மாத்திரை அட்டைகள், ஒன்று கூடப் பிரிக்காமல். கிளினிக்கில் சயாமா (நர்ஸம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையும் பி1 வைட்டமின் மாத்திரையும்.

“ஏன்டி சாப்பிடல?”

“இதச் சாப்பிட்டா பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாயிடுமாம் அம்மாச்சி. போன்ல பாத்தேன்.”

“சரி, அதான் பெத்தாச்சே. இப்ப என்ன?”

பதில் இல்லை. எனக்குக் கை நடுங்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

1974-ல் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். நானும் வெள்ளைச் சோறும் பூண்டும்தான். மூன்றாம் மாதம் தொடங்கியபோது பிள்ளையின் அழுகை கம்மத் தொடங்கியது. அழும், முகம் சுருங்கும், வாய் திறந்திருக்கும், சத்தம் மட்டும் வராது. “சமத்துப் பிள்ளை, சத்தமே போடறதில்ல” என்று என் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்தேன். நாலைந்து நாளில் பால் குடிக்கவில்லை, வாந்தி எடுத்தது, மூச்சு வாங்கியது. திருநீறு போட்டார்கள், கயிறு கட்டினார்கள். விடிவதற்குள் போய்விட்டது.

அந்தச் சத்தமில்லாத அழுகைக்கு ஒரு பெயர் உண்டு என்று முப்பது வருஷம் கழித்து ஒரு சயாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரிபெரி. பி1 சத்து இல்லாமல் வருவது. தாய்க்குக் கால் மதமதப்பு, அசதி தவிர வேறொன்றும் தெரியாது. பால் நன்றாகவே சுரக்கும், ஆனால் அந்தப் பாலில் போதுமான பி1 இருக்காது. இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு இதயம் தளர்ந்துவிடும். நேரத்தோடு பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே பிள்ளை தேறிவிடுமாம். அதைக் கேட்டபோது எனக்கு இருந்த நிலையை எழுத வரவில்லை.

தீட்டிய பச்சரிசியில் பி1 முக்கால்வாசி தவிட்டோடு போய்விடுகிறது. மிச்சத்தை மூன்று தண்ணீர் கழுவியும் கஞ்சி வடித்தும் நாம் கொட்டுகிறோம். வெற்றிலை பாக்கும் கடுந்தேநீரும் வயிற்றில் இருப்பதையும் கெடுக்கும். என் அப்பாயி நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்துவார். அவிக்கும்போது சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். மலாயாவில் தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் விழ, புழுங்கலரிசி தின்ற தமிழர்கள் தப்பியதைப் பார்த்து, பிராடன் என்ற டாக்டர் அரிசியில்தான் கோளாறு என்று 1907-லேயே எழுதிவிட்டார். நாமோ புழுங்கலரிசியைப் பழைய காலம் என்று விட்டுவிட்டு, பத்தியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

பருப்பில் பி1 இருக்கிறது. இந்த நாட்டு உளுந்தும் துவரையும் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போகின்றன. பிள்ளை பெற்றவள் தட்டுக்கு மட்டும் வரக் கூடாதாம்!

தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டப்பாப் பால் கொடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால்தான். கொடுப்பவள் சாப்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பி1 மாத்திரையைக் கடைசி மாதத்தில் தொடங்கி, பெற்ற பிறகும் மூன்று மாதம் போட வேண்டும். பலர் பெற்றதோடு விட்டுவிடுகிறார்கள். அப்புறம், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, தொப்புளில் சாம்பல் வைப்பது, இதெல்லாம் இன்னும் நடக்கிறது. தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

என் மகளோடு இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் அவளே பாசிப்பருப்பை வேகவைத்து, வாயுவுக்கு என்று நாலு பல் பூண்டையும் தட்டிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் வாயே திறக்கவில்லை. கொள்ளுப்பேரன் இப்போது தெருமுனை வரை கேட்கிற மாதிரி அழுகிறான்.

ஒரு வேண்டுகோள். இதைப் போடுவதானால் பக்கத்திலேயே பர்மிய எழுத்திலும் போடுங்கள். என் பேத்தி வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள், படிக்கத் தெரியாது. வளைகாப்புக்கு உட்காருகிற பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தட்டோன்