தொண்டியில் வானிலையியல் படிப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் 2 மாணவர்களுக்கான உங்கள் உயர்கல்விப் பக்கங்களில் வானிலையியலுக்கும் இடம் கொடுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த ராமநாதபுரம் மாவட்டம் எங்களுடையது. வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் இன்றும் இங்கே மீன்பிடிப் படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. சின்னப் பரப்பில் சில மணி நேரத்தில் பெய்யும் அப்படிப்பட்ட மழையை முன்கூட்டியே கணிப்பது இப்போதும் கடினம்தான். அந்த வேலைக்கு எங்கள் பிள்ளைகள் வர வேண்டும்.

கணிதத்தோடு பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வானிலையியல் சேரலாம். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் துறை உண்டு. ஆராய்ச்சி என்றால் புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இருக்கிறது. இயற்பியலோடு கணினி நிரல் எழுதவும் தெரிய வேண்டும். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பல இன்னும் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியில்தான் ஓடுகின்றன.

சரி, வேலை? பெற்றோருக்கு டிவியில் வானிலை சொன்ன ரமணன் சாரைத்தான் தெரிகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு இயற்பியல் பட்டத்தோடே தேர்வு எழுதலாம். விமானப் படையில் வானிலைப் பிரிவு இருக்கிறது. மீன் கிடைக்கும் இடத்தையும் அலையின் உயரத்தையும் மீனவர்களுக்குச் சொல்லும் ஹைதராபாத் கடல் தகவல் மையம் இருக்கிறது. மின்சாரத் துறையிலும் இப்போது இதற்குத் தேவை வந்துவிட்டது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடுகிறது. மேகம் மூடினால் உற்பத்தி சரியும். எந்தக் கால் மணி நேரத்தில் எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்பே கணித்தால்தான் மின்தொகுப்பைச் சமாளிக்க முடியும். அதைக் கணிக்க வானிலை படித்தவர்கள் வேண்டும்.

நான் பாடம் நடத்தும் வகுப்பில் காற்றழுத்தம், ஈரப்பதம் என்றாலே நிமிர்ந்து உட்காரும் பெண்கள் இருக்கிறார்கள். கொச்சி, விடுதிச் செலவு என்றதும் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல் துறை ஏற்கெனவே இருக்கிறது. எதிரே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, பாம்பனில் வானிலை ஆய்வு நிலையம். களப்பயிற்சிக்கு வேறு எங்கும் போகத் தேவையில்லை. அங்கேயே எம்.எஸ்சி. வானிலையியல் தொடங்கப் பல்கலைக்கழகமும் உயர்கல்வித் துறையும் முன்வர வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் தர வேண்டும்.

– இயற்பியல் ஆசிரியை,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்