‘அ’ என்றால் அரிசி அல்ல: ஆறாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே இயற்கணிதம் அறிமுகமாகிவிடுகிறது. அதை அன்றாடப் புழக்கத்தோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இராது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கணக்குச் சொல்லித்தரும் நான், அதில் செய்து திருத்திக்கொண்ட ஒரு பிழையை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

ஆப்பிளுக்கு ‘ஆ’, வாழைப்பழத்துக்கு ‘வா’ என்று வைத்துக்கொண்டு, 3ஆ + 2வா என்றால் மூன்று ஆப்பிளும் இரண்டு வாழைப்பழமும் என்று விளக்குவது எளிது; பிள்ளைகளும் உடனே தலையாட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அதன் வினை இட்லி மாவில் தெரிந்தது. நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்ற வீட்டுக் கணக்கை, ‘அ’, ‘உ’ என்ற எழுத்துகளால் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, ஒன்பது பேரில் ஏழு பேர் 4அ = உ என்று எழுதினார்கள். அவர்களில் ஒரு சிறுமியிடம், உளுந்து இரண்டு டம்ளர் போட்டால் அரிசி எவ்வளவு என்று கேட்டேன். யோசிக்காமல் எட்டு என்றாள். அந்த எண்களை அவள் எழுதிய சமன்பாட்டிலேயே இட்டுப் பார்க்கச் சொன்னதும், 4 × 8 = 2 என்று எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்திருந்தாள்; பிறகு தானே அடித்துவிட்டு அ = 4உ என்று எழுதினாள்.

மாவுக் கணக்கு தெரியாததால் நேர்ந்த பிழையன்று இது. எழுத்து பொருளைக் குறிக்கிறது என்று நான் பழக்கிவைத்ததால் நேர்ந்தது. ‘அ’ குறிப்பது அரிசியை அல்ல, அரிசி எத்தனை டம்ளர் என்ற எண்ணை. பழக்கடையிலும் ‘ஆ’ என்பது ஓர் ஆப்பிளின் விலையாக இருந்தால்தான், 3ஆ + 2வா என்பது கடைக்காரருக்கு நாம் தரவேண்டிய தொகையாகும்.

கி.பி. 628-இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் தெரியாத எண்களை நிறங்களின் பெயரால் குறித்தார். நீலம் என்றால் எந்தத் தானியமும் நினைவுக்கு வராதல்லவா? ஆகவே, தொடக்கத்திலாவது பொருளின் முதலெழுத்தைத் தவிர்க்குமாறு வேண்டுகிறேன்.

எண்ணைத் தவிர வேறெதையும் எழுத்தில் ஏற்ற முடியாத இடம் ஒன்று உண்டென்றால், அது வாசல் கோலம். நடுவரிசையில் 5 புள்ளி, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 1 வரை, இடைப்புள்ளி. வரிசை வரிசையாக எண்ணினால் 25 வரும். 6 புள்ளியில் தொடங்கினால் 36. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சாய்வரிசை ஒவ்வொன்றிலும் அதே 5 புள்ளி, அப்படி 5 வரிசை. நடுவரிசையில் ‘ந’ புள்ளி இருந்தால் மொத்தம் ந × ந என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினம்.

அடுத்த பருவத்தில் எந்த எழுத்தையும் கரும்பலகையில் எழுதுமுன், அதன் ஓரத்தில் ‘க: அரிசி எத்தனை டம்ளர்’ என்பதுபோல் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியைப் பாடம் முடியும்வரை அழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு நடத்தும் ஒருவன்