ஆண்டறிக்கை 2024-25: நம் வார்டின் கீரையை நம் பால்கனியில் வளர்த்த வருடம்

எல்லாருக்கும் வணக்கம். 2024 ஏப்ரலில் இருந்து 2025 மார்ச் வரை டோக்கியோவில் உள்ள நம் நிஷிகசாய் பால்கனித் தோட்டக் குழு என்ன செய்தது என்பதைச் செயலாளர் என்ற முறையில் இங்கே வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் அதற்குள் நான் போகவில்லை.

போன பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம், நினைவிருக்கும். ஆளுக்கு ஒரு செடி வைத்து, ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு ஏன் வரவில்லை என்று தெரியாமலே வருடம் ஓடிவிடுவதால், இந்த வருடம் எல்லாரும் ஒரே பயிரை வளர்ப்பது, வளர்த்ததைச் சமைத்துப் பார்ப்பது, அது கொமட்சுனா என்ற ஜப்பானியக் கீரையாக இருக்கட்டும் என்பதுதான் அந்த முடிவு. அரைக்கீரையும் முளைக்கீரையும் கிடைக்காத ஊரில் வேறு எதையோ ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று அப்போது சிலர் கேட்டார்கள். அதற்கு என் பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான். நாம் வாடகை கொடுத்துக் குடியிருக்கிற இந்த எதோகாவா வார்டுதான் அந்தக் கீரையின் சொந்த ஊர். இங்கே நவம்பருக்குப் பிறகு நம் ஊர்க் கீரை எதுவும் வெளியில் தலைதூக்காது, அந்தக் குளிரில் நிமிர்ந்து நிற்பது இதுதான்.

சொந்த ஊர் என்று சும்மா சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் குழுவாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோமே, ஷின்-கொய்வா பக்கத்து கத்தோரி கோயில், அங்கே இந்தக் கீரைக்காகவே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1719-இல் அப்போது நாட்டை ஆண்ட படைத்தலைவர், எட்டாவது ஷோகுன் தோகுகாவா யோஷிமுனே பருந்து வேட்டைக்கு இந்தப் பக்கம் வந்தபோது, கோயில் பூசாரி மோச்சி என்ற அரிசிப் பண்டம் போட்ட தெளிந்த சூப்பில் இந்தக் கீரையைச் சேர்த்துக் கொடுத்தாராம், ஷோகுனுக்கு ருசி பிடித்துப்போய்ப் பக்கத்தில் ஓடிய கொமட்சு ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தாராம். ஐந்தாவது ஷோகுன்தான் பெயர் வைத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. எது சரியோ, அந்த சூப் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. டோக்கியோ வீடுகளில் புத்தாண்டன்று வைக்கும் ஸோனி சூப்பில் சுட்ட மோச்சி, கோழித்துண்டு, கூடவே கொமட்சுனா. நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிதில்லை, பள்ளி மதிய உணவில் சாப்பிட்டுப் பழகியவர்கள். வீட்டில் நாம்தான் தாமதம்.

சரி, பயிருக்கு வருகிறேன். ஏப்ரல் விதைப்பு ஓரளவு வந்தது, ஜூலை ஆகஸ்டில் போட்டது பெரும்பாலும் போயிற்று. 2024 கோடை ஜப்பானில் பதிவான மிக வெப்பமான கோடைகளில் ஒன்று, 2023-ஐச் சமன் செய்தது, அதற்குப் பின் வந்த இலையுதிர் காலமும் சாதனை வெப்பம். இது 15-இலிருந்து 25 டிகிரிக்குள் சந்தோஷமாக இருக்கும் செடி. கோடையில் ஒரு மாதத்திற்குள்ளேயே வளர்ந்துவிடும் என்று விதைப் பாக்கெட்டில் போட்டிருப்பது உண்மைதான், ஆனால் தெற்கு பார்த்த ஏழாவது மாடி பால்கனியின் சிமெண்ட் தரையில், ஏசியின் வெளிப்பெட்டி விடும் சூட்டுக் காற்றில், அது மெலிந்து நீண்டு இலை வெளிறி நிற்கிறது. கோடையில் இதை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அந்த மாதங்களுக்கு நம் கொடிப்பசலை இருக்கிறது, இங்கே ட்சுருமுராசாகி என்று கடையிலேயே கட்டுக்கட்டாக விற்கிறார்கள், ஒரு தண்டை வாங்கி நட்டால் போதும், வெயில் ஏற ஏற அது குதூகலமாகப் படரும்.

செப்டம்பர் கடைசியில் போட்டவர்களுக்குத்தான் உண்மையான விளைச்சல். முறை சுலபம். 65 செண்டிமீட்டர் தொட்டியில் நீளவாக்கில் இரண்டு கோடு, இடையில் ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரலாவது விட்டு, ஒரு செண்டிமீட்டர் ஆழத்தில் விதையைத் தூவி, மண் மூடி, கையால் லேசாக அழுத்தி, விதை அடித்துப்போகாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூன்று நாளில் இருந்து ஐந்து நாளுக்குள் முளைக்கும். அரை நாள் வெயில் போதும். அப்புறம் வருவதுதான் பலருக்கு மனசு வராத வேலை, நெருக்கமாக முளைத்ததைக் களைந்து எடுப்பது. விதையிலை இரண்டும் விரிந்ததும் மூன்று செண்டிமீட்டருக்கு ஒன்று, உண்மையான இலை மூன்று நாலு வந்ததும் ஐந்தாறு செண்டிமீட்டருக்கு ஒன்று, மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்காமல் விட்ட தொட்டிகளையும் பிடுங்கிய தொட்டிகளையும் நவம்பர் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நெருக்கமாக நின்றது நூல் மாதிரித் தண்டோடு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது, களைந்தது அடிப்பக்கம் பருத்து இலை அகலமாக நின்றது. பிடுங்கிய குட்டிச் செடி வீணாவதில்லை. ஜப்பானியர்கள் அதையும் சூப்பில் போடுகிறார்கள், நாம் தயிர்ப் பச்சடியில் போட்டோம், லேசான கடுகுக் காரத்தோடு அருமையாக இருந்தது. இருபது இருபத்தைந்து செண்டிமீட்டர் வந்ததும் அறுத்துவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் தண்டு நாராகிறது. இரண்டு வாரத்திற்கு ஒரு தொட்டி என்று விதைத்தால் வாரம் ஒரு முறையாவது பொரியல் உறுதி.

பூச்சிதான் பெரிய தலைவலி. இது முட்டைக்கோஸ், நூல்கோல் குடும்பம், அதனால் அந்தக் குடும்பத்துப் பூச்சி அத்தனையும் தேடி வரும். வெள்ளை வண்ணத்துப்பூச்சி இலைக்கு அடியில் ஒவ்வொன்றாக, மஞ்சளாக, நெல்மணியை நட்டு வைத்தது போல முட்டை இடும், அதைக் கண்ணில் பட்டதும் விரலால் தேய்த்துவிட்டால் புழுவே கிடையாது. இரண்டு மூன்று மில்லிமீட்டரில் கருப்பு முதுகில் இரண்டு மஞ்சள் கோடு போட்ட வண்டு ஒன்று இருக்கிறது, கை கிட்டப் போனால் துள்ளிவிடும், இலை முழுக்க ஊசியால் குத்தியது போலப் பொத்தல் போடும், அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும். மருந்து அடிப்பதில்லை என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரே வழி வலை, அதுவும் விதைத்த அன்றைக்கே. முளைத்த பிறகு போடலாம் என்று நினைத்தால் உள்ளே இருக்கும் பூச்சிக்குப் பாதுகாப்பாக வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் கண் வண்ணத்துப்பூச்சியைத் தடுக்கும், அந்தத் துள்ளு வண்டுக்கு 0.6 வேண்டும். ஓரம் தூக்கிக்கொள்ளாமல் கிளிப் போட வேண்டும். போன தடவை கொமட்சுனாவோ முள்ளங்கியோ வளர்ந்த மண்ணிலேயே திரும்பப் போட்டால் புழு ஏற்கெனவே மண்ணில் இருக்கும், வலை போட்டும் பிரயோஜனமில்லை, மண்ணை மாற்றுங்கள்.

குளிர் காலம் இதன் பொற்காலம். வளர எண்பது தொண்ணூறு நாள் ஆனாலும், உறைபனியைத் தாங்குவதற்காகச் செடி தன் இலையில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால் ஜனவரி கீரைக்கு ஒரு இனிப்பு இருக்கிறது, அக்டோபரில் அறுத்ததையும் இதையும் பச்சையாக மென்று பார்த்தாலே தெரியும். இந்த ஜனவரியில் முட்டைக்கோஸ் விலை வழக்கத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் போனது, மற்ற இலைக் காய்களும் அதன் பின்னாலேயே ஏறின. அந்த வாரங்களில் நம் உறுப்பினர்கள் பலர் பால்கனியில் அறுத்துச் சாப்பிட்டார்கள் என்பதை இந்த அறிக்கையில் நான் மிகுந்த மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

இனி சமையல். இதில் குழுவுக்குள் பெரிய விவாதமே நடந்தது. ஆரம்பத்தில் எல்லாரும் செய்தது மசியல், யாருக்கும் பிடிக்கவில்லை. காரணம் இருக்கிறது. இது தண்டுக்கீரை வகை இல்லை, கடுகு வகை. நீண்ட நேரம் வேகவிட்டால் கோஸ் கொதித்த வாடை வரும், நாரும் மசியாது. பிப்ரவரி சமையல் நாளில் நம் ஐந்தாவது மாடி அக்கா அடுப்புப் பக்கம் நின்று, “தண்டு தனியா, இலை தனியாப்பா, ரெண்டையும் ஒண்ணா போட்டா ஒண்ணு வேகாது இன்னொண்ணு வெந்து போயிடும்” என்று சொல்லிக்கொண்டே செய்து காட்டியதுதான் இந்த வருடம் நாம் கற்ற சமையல். அடி வேர்ப்பக்கம் தண்டுகள் சேருமிடத்தில் மண் ஒளிந்திருக்கும், அதைக் குறுக்கே கீறி ஒரு பாத்திரத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி அலச வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய் தாளித்து, விரல்கடை நீளத்திற்கு நறுக்கிய தண்டைப் போட்டு ஒரு நிமிடம் நல்ல தீயில் வதக்கி, பிறகு இலை, உப்பு, இலை சுருண்டதும் அரை வேக்காட்டுப் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டு இறக்கிவிட வேண்டும். மூடி போடக் கூடாது. தண்டு கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும், பச்சை நிறம் மாறக் கூடாது. அன்றைக்கு வந்த எல்லாரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். சாம்பாரில் போடுவதானால் அடுப்பை அணைக்கும் முன் கடைசியில் போடுங்கள், புளித்தண்ணீரில் கொதித்தால் பாசி நிறத்துக்குப் போய்விடும். அடை மாவில் பொடியாக நறுக்கிப் போட்டதும் நன்றாக வந்தது. பசலை கிடைக்காத நாளில் செய்யும் பனீர்க் கறிக்கு இது சரிப்படாது என்பது என் எண்ணம், வட இந்திய நண்பர்கள் கடுகுக்கீரைக்குப் பதிலாக அரைத்துச் செய்ததுதான் அதைவிடப் பொருத்தமாக இருந்தது.

ஜப்பானிய முறையையும் விட்டுவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது தண்டுப் பக்கத்தை மட்டும் அரை நிமிடம் பிடித்து, பிறகு முழுசாக அமுக்கி, மொத்தம் ஒரு நிமிடத்தில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டு, பிழிந்து, நறுக்கி, தாஷி என்ற சூப்புச் சாறும் சோயாவும் ஊற்றினால் ஒஹிதாஷி. பொரித்த டோஃபுத் தகடு அபுராகேயோடு லேசாகக் கொதிக்க வைத்தால் நிபிதாஷி, ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதைவிட நல்ல துணை நான் பார்க்கவில்லை. சைவ உறுப்பினர்கள் கவனத்திற்கு: கடையில் விற்கும் தாஷித் தூளில் பெரும்பாலும் கட்சுவோ மீன் இருக்கும். கொம்பு என்ற கடற்பாசித் துண்டையும் உலர்ந்த ஷிதாகே காளானையும் இரவே தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

சத்து விஷயம் பல முறை கேட்கப்பட்டதால் சொல்கிறேன். ஜப்பானிய உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் பச்சைக் கொமட்சுனாவில் சுண்ணாம்புச் சத்து 170 மில்லிகிராம், ஹோரென்சோ என்ற பாலக் கீரையில் 49. இரும்புச் சத்து இதில் 2.8, அதில் 2.0. ஆக்ஸாலிக் அமிலம் குறைவு என்பதால் முதலில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை, பச்சையாகவே நறுக்கி ஃப்ரீசரில் வைக்கலாம். ஆனால் வைட்டமின் கே அதிகம். ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மா யாராவது இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், தினமும் தட்டு நிறையப் போடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பால்கனி பற்றி ஒரு வருத்தமான செய்தி. ஒரு குடியிருப்பில் நம் உறுப்பினர்களுக்கு நிர்வாகத்திடம் இருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது, தொட்டிகள் பக்கத்து வீட்டுத் தடுப்புப் பலகைக்கு முன்னால் இருந்தன என்று. அந்தப் பலகை தீ, நிலநடுக்கம் வந்தால் உதைத்து உடைத்துக்கொண்டு தப்பிக்கும் வழி, தரையில் இருக்கும் ஏணி மூடியும் அப்படித்தான். அவற்றின் மேலும் முன்னும் எதையும் வைக்காதீர்கள், வடிகாலில் மண் இறங்க விடாதீர்கள், கைப்பிடிக்கு வெளியே தொட்டி தொங்கவிடாதீர்கள், புயல் எச்சரிக்கை வந்தால் உள்ளே எடுத்துவிடுங்கள். பழைய மண்ணை வார்டு குப்பை வண்டி எடுக்காது. சலித்து, கருப்புப் பையில் கட்டிக் கோடை வெயிலில் வாட்டி, சுண்ணாம்பும் தொழுவுரமும் கலந்து மறுபடி பயன்படுத்துங்கள்.

விதை பற்றி இரண்டு விஷயம். இப்போது கடையில் வரும் பெரும்பாலான கொமட்சுனா கலப்பினம், சிங்கென்சாய் என்ற சீனக் கீரையோடு கலந்து தண்டைத் தடிமனாக்கியது. பழைய கோசேகி என்ற ரகம் இன்னும் இருக்கிறது, எதோ-டோக்கியோ பாரம்பரியக் காய்கறிகளில் ஒன்று, தண்டு மெல்லிசு, கட்டுக் கட்டும்போது ஒடிந்துவிடும் என்பதால்தான் சந்தை அதைக் கைவிட்டது. நமக்கு அறுத்து நேரே சட்டியில் போடுவதுதான் வேலை, ஒடிந்தால் என்ன நஷ்டம்? வருகிற செப்டம்பரில் அதைப் போட்டுப் பார்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. விதை சேமிக்க நினைப்பவர்கள், மார்ச்சில் பூ வரும்போது மிசுனா கீரை, டர்னிப், சீன முட்டைக்கோஸ் எல்லாம் தேனீ மூலம் இதோடு கலந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பூக்கும் முன் மொட்டோடு கிள்ளி வதக்கிச் சாப்பிடுவதே லாபம்.

இன்னொன்று, ஊரிலிருந்து கீரை விதை கொண்டுவருவது. தாவரச் சுகாதாரச் சான்றிதழும் விமான நிலையச் சோதனையும் இல்லாமல் விதையைப் பெட்டியில் போட்டு வருவது இங்கே சட்டத்துக்கு விரோதம். அப்படி வந்த விதையைக் குழுவில் பங்கிட மாட்டோம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது, தயவுசெய்து யாரும் வற்புறுத்த வேண்டாம்.

சமையல் நாளுக்குத் தன் வீட்டு அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்த அண்ணனுக்கும், ஜப்பானிய விதைப் பாக்கெட்டுகளை எல்லாருக்கும் வாசித்துச் சொன்ன உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், அறுவடை இடைவெளியில் தன் நிலத்தைச் சுற்றிக் காட்டிய பக்கத்துப் பேட்டை விவசாயிக்கும் குழுவின் நன்றி. ஏப்ரல் விதைப்புக்கான பாக்கெட்டுகளும் வலையும் கூட்டம் முடிந்ததும் வாசல் பக்க மேசையில் இருக்கும். வலை வீட்டுக்கு ஒன்று மட்டும், போன வருடம் வாங்கியவர்கள் அதையே அலசிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்