காசநோய் மாத்திரை தரும்முன் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஆண்டு என் தங்கைக்குக் காசநோய் சிகிச்சை தொடங்கியபோது, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படக் கூடாது, ஆறு மாதமும் ஒரு வேளைகூட விடக் கூடாது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு அவள் மாலா-என் சாப்பிட்டு வந்தாள். சிகிச்சையின் மூன்றாம் மாதம் நாள் தள்ளிப்போயிற்று. மாத்திரை போட மறந்திருப்பாய் என்று, நான் உட்பட, எல்லோரும் அவளைத்தான் குறை சொன்னோம். அவள் பதில் பேசாமல் உள்ளே போய், 28 குழிகளும் காலியாக இருந்த அட்டைகளைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

சிறுநீரின் நிறத்தை மாற்றும் அதே காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின்தான் காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை அது பெருக்கிவிடுவதால், கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்கள் வேகமாகக் கரைந்து, கருமுட்டை வெளியாவதைத் தடுக்கும் அளவுக்கு இரத்தத்தில் நிற்பதில்லை. ரிஃபாம்பிசினை நிறுத்தி 4 வாரம் வரை இந்த விளைவு நீடிக்கும். 1970-களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் கண்டறிந்த விஷயம் இது. வலிப்புக்குத் தரப்படும் கார்பமசெபைன், ஃபெனிடாயின் ஆகியவையும் இவ்வாறே செய்யும். அவசர கருத்தடை மாத்திரையின் பலனும் இவற்றால் குறையும். அமாக்சிசிலின் போன்ற வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு இந்தக் குணம் இல்லை.

இதற்காக எவரும் காசநோய் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மாற்ற வேண்டியது கருத்தடை முறையைத்தான். காப்பர்-டியில் ஹார்மோனே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியின் பலனையும் ரிஃபாம்பிசின் குறைப்பதில்லை. இரண்டுமே அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

ஆகவே, காசநோய் சிகிச்சை அட்டையிலேயே பெண்களின் கருத்தடை முறையைக் குறிக்க ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளியே சொல்லட்டும் என்று விட்டுவிட முடியாது. மாத்திரை வாங்க வந்த அன்று என் தங்கையின் பக்கத்தில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். கேட்பவர் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டிருந்தால்தான் அவள் வாய் திறந்திருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவண்ணாமலை மாவட்டம்