காய்ச்சாத எச்சில் சோறு பன்றிக்குப் போகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வடசென்னையில் சிறு அளவில் பன்றி வளர்ப்பவர்கள் ஓட்டல், கல்யாண மண்டப எச்சில் சோற்றை டிரம்மில் கொண்டுவந்து அப்படியே தொட்டியில் கொட்டுகிறார்கள். அதில் நோய்க்கிருமி உள்ள, வேகாத பன்றி இறைச்சித் துண்டு ஒன்று கிடந்தாலே போதும், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கொட்டிலையே காலி செய்துவிடும். 2023இல் முதுமலைக் காட்டுப்பன்றிகள் செத்தது இந்த நோயில்தான். மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கோ வைத்தியமே இல்லை.

அடியோடு தடை போட்டால் கழிவு ராத்திரியில் வரும். காய்ச்சிப் போடுவோருக்கு மட்டும் மாநகராட்சி உரிமம் தரட்டும். உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்லும் அளவு 90 டிகிரி செல்சியஸ், 60 நிமிடம், விடாமல் கிளறியபடி. பிளாஸ்டிக், எலும்பை முதலிலேயே பொறுக்கிவிட்டு, 200 லிட்டர் டிரம்மில் முக்கால் பங்கோடு நிறுத்த வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் கிளற முடியாது. அடி தீய்ந்து நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். தெர்மாமீட்டரையும் நடுவில்தான் விட்டுப் பார்க்க வேண்டும்.

பச்சைக் கழிவு அள்ளிய பக்கெட்டிலேயே காய்ச்சியதையும் அள்ளினால் அத்தனை விறகும் வீண். இரண்டு நிறப் பக்கெட்டைக் கட்டாயமாக்குங்கள். ஊறுகாய், கருவாட்டு மிச்சத்தை ஓட்டலிலேயே பிரித்துவிட வேண்டும். உப்பு ஏறி, குடிக்கத் தண்ணீரும் இல்லாவிட்டால் பன்றி வலிப்பு வந்து விழும்.

வாசகர்,
வியாசர்பாடி, சென்னை