நீச்சல்குளம் ஒழுகினால் செலவு யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அபார்ட்மென்ட் வாங்கியவர்களின் பிரச்சினைகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. பட்டா, பார்க்கிங், லிஃப்ட் எல்லாம் பேசப்படுகிறது, ஆனால் நீச்சல்குளம் ஒழுகுவதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வசதியானவர்களின் கவலை என்று விட்டுவிடுகிறார்கள் என நினைக்கிறேன். ஓ.எம்.ஆர். பக்கமும் போரூர், பெரும்பாக்கம் பக்கமும் வங்கிக் கடன் போட்டு இரண்டு பெட்ரூம் வீடு வாங்கியவர்கள்தான் இந்தக் குளங்களுக்குப் பணம் கட்டியவர்கள், அது ஒழுகும்போது ஊற்றுகிற லாரித் தண்ணீருக்கும் மாதாமாதம் அவர்கள்தான் கட்டுகிறார்கள்.

எங்கள் வளாகத்தில் குளம் போடியத்தின் (பேஸ்மென்டுக்கு மேல் போட்ட பொதுத் தளம்) மேல் இருக்கிறது, நேர் கீழே பேஸ்மென்ட் பார்க்கிங். குடிவந்த இரண்டாவது வருஷமே பீமும் ஸ்லாபும் சேருகிற இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்தது, அப்புறம் அதுவே மெழுகு வடிந்த மாதிரி கட்டிதட்டித் தொங்க ஆரம்பித்தது. கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்குகிற தண்ணீர் அது. கார் பானட்டில் சொட்டிக் காய்ந்தால் அந்தக் கறை எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. காரை விடுங்கள், குளத்துத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதுதான் உண்மையான பயம். அந்த ஸ்லாபுக்குக் கீழேதான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

பில்டர் தரப்பிலிருந்து வந்த பதில் இதுதான்: கட்டுமான ஒப்பந்தத்தில் குளத்துக்கு ஒரு வருஷ வாரன்டிதான், அது முடிந்தது, டைல்ஸ் நடுவில் இடைவெளியை அடைக்கிற பூச்சு, அதாவது கிரவுட், போயிருக்கிறது, அது உங்கள் மெயின்டனன்ஸ். சங்கத்திலும் பாதிப்பேர் இதை அப்படியே நம்பி, சங்கத்தின் பொதுச் சேமிப்பான கார்ப்பஸ் ஃபண்டிலிருந்து எடுத்து வேலையை முடித்துவிடலாம் என்றார்கள். பக்கத்து வளாகங்களில் விசாரித்தால் அங்கேயும் இதே கதை, இதே பதில், பல இடங்களில் கார்ப்பஸைத் தொட்டே விட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3). வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டமைப்பில் குறை இருந்தாலும், வேலையின் தரத்திலோ செய்துகொடுத்த வசதியிலோ குறை இருந்தாலும், அதை பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால் 30 நாளுக்குள் மேற்கொண்டு பணம் வாங்காமல் அவர் சரிசெய்து தர வேண்டும், செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். கட்டமைப்பு என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தூணும் பீமும்தான் அதில் வரும் என்று சிலர் வாதிடுகிறார்கள். பிரிவில் வேலைத்தரம் என்றும் இருக்கிறதே, அதைப் படிக்க வேண்டாமா? பொதுவசதிகளைச் சங்கத்திடம் எழுதிக்கொடுத்துவிட்டோம், இனி எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பது அடுத்த வாதம். கிரயம் எழுதிக் கொடுத்த பிறகும் இந்த 5 வருஷப் பொறுப்பு தொடரும் என்று பிரிவு 11(4) தெளிவாகச் சொல்கிறது. சட்டம் கொடுத்த 5 வருஷத்தை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி ஒரு வருஷமாக்க முடியாது.

அதற்காக எல்லாச் செலவையும் பில்டர் தலையில் கட்டவும் கூடாது. பம்ப், மோட்டார், விளக்கு ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் வாரன்டி தனி, ஃபில்டர் மணல் தேய்வதும் வால்வு வாஷர் போவதும் வழக்கமான பராமரிப்பு. மெயின்டனன்ஸ் ஏஜென்சி ஆசிட் ஊற்றித் தேய்த்ததால் கிரவுட் அரித்துப்போயிருந்தால் அதைக் கேட்பது நியாயமில்லை. ஆனால் கிரவுட் என்பது தண்ணீரைத் தடுக்கிற பொருளே இல்லை. தடுக்க வேண்டியது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் வாட்டர்புரூஃபிங்கும் அதற்கும் அடியில் இருக்கும் கான்கிரீட்டும். கிரவுட் போனதும் பேஸ்மென்டில் தண்ணீர் சொட்டுகிறது என்றால், அடியில் இருப்பவை ஆரம்பத்திலிருந்தே சரியில்லை என்றுதான் அர்த்தம். தரையும் சுவரும் சேரும் ஜாயின்டில் தண்ணீர் புகாமல் தடுக்கும் பட்டையான வாட்டர்பார் வைக்காமல் விட்டது, விளக்குக்கு வயர் போகிற குழாயைச் சுற்றிச் சரியாக அடைக்காதது, குளத்தின் அடியில் தண்ணீர் வெளியேறும் மெயின் டிரெயினைச் சுற்றிக் கான்கிரீட் இறுகாமல் ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடாக நின்றது, இவையெல்லாம் கட்டும்போதே நடந்த குறைகள். ஐந்து வருஷம் நாம் நன்றாகப் பராமரித்தாலும் அவை சரியாகாது.

புகார் கொடுக்கும் முன் சங்கங்கள் கையில் ஒரு ஆதாரம் வைத்திருப்பது நல்லது, அதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, உள்ளே ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் படியில் வையுங்கள். பக்கெட்டுக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் குறித்துக்கொண்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெயிலில் ஆவியாவது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், குளம் அதைவிட அதிகம் இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம்தான் கசிவு. மழை பெய்யாத, யாரும் இறங்காத நாளாக இருக்க வேண்டும், தானாக நிரப்பும் மிதவை வால்வை அவசியம் மூட வேண்டும். அந்த வால்வு திறந்தே இருப்பதால்தான் பல வளாகங்களில் குளம் ஒழுகுவதே தெரிவதில்லை. 15 மீட்டருக்கு 6 மீட்டர் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 900 லிட்டர். கசிவால் மட்டும் தினம் 3 சென்டிமீட்டர் இறங்கினால் ஐந்தே நாளில் 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கும் மேல் போய்விடும்.

பம்ப் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஒரு தடவை இதைச் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் அதிகம் போனால் தண்ணீர் திரும்பி வரும் குழாயைச் சந்தேகிக்கலாம், இரண்டிலும் ஒரே அளவு என்றால் தொட்டியையே பார்க்க வேண்டும். விளக்கின் மட்டம் வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் விளக்கு பதித்த குழியைப் பாருங்கள். விளிம்பில் வழிகிற மாதிரி கட்டிய குளம் என்றால் பம்ப் ஓடும்போது, வழியும் தண்ணீர் போய்ச் சேரும் பேலன்சிங் டேங்கில்தான் மட்டத்தைக் குறிக்க வேண்டும். தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துவிட்டு, பதிவுத் தபாலிலும் ஈமெயிலிலும் பில்டருக்கு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னோம், சைட் இன்ஜினியர் வந்து பார்த்தார் என்பதையெல்லாம் மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 30 நாளில் நடக்கவில்லையா, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போங்கள்: வேலையைச் செய்யச் சொல்லிக் கேட்பதற்குப் படிவம் எம், இழப்பீடு கேட்பதற்குப் படிவம் என்.

இன்னொன்று, தரையில் தோண்டிக் கட்டிய குளமாக இருந்தால் மழைக்காலம் முடிந்த கையோடு அதைக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலித் தொட்டியை அது கீழிருந்து தள்ளும். அப்போது புதிதாக விரிசல் விட்டால் பழி சங்கத்தின் மேல்தான் வரும்.

ஆணையத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. தண்ணீர் தாங்கும் கான்கிரீட் தொட்டிகளுக்கு ஐ.எஸ். 3370 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது, நிலத்தடித் தொட்டியை நிரப்பி 7 நாள் ஊறவிட்டு அடுத்த 7 நாள் மட்டம் பார்க்க வேண்டும் என்று அதில் உண்டு. இதே சோதனையை நீச்சல்குளத்துக்கும் டைல்ஸ் ஒட்டும் முன் செய்து, அந்த அறிக்கையையும் குழாய்கள் போகும் வரைபடத்தையும் ஒப்படைக்கும் அன்றே சங்கத்திடம் தர வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். வரைபடம் இல்லாததால் குழாய் எங்கே போகிறது என்று தேடியே நல்ல டைல்ஸையும் உடைக்க வேண்டியிருக்கிறது.

குடிவந்து நாலு வருஷம் தாண்டிய சங்கங்கள் முதலில் ஒப்படைப்புக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். வீடு வாரியாகத் தேதி மாறியிருந்தால் முந்தின தேதியை வைத்துக் கணக்கிடுவதுதான் பத்திரம். கசிவு இருந்து 5 வருஷம் இன்னும் முடியவில்லை என்றால், காரணம் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காமல் முதல் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்க உறுப்பினர் ஒருவர்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை